அட்டைக்கு ஆகாத சொல்

இன்று காலை வந்த பார்சலை உன் கத்தரியால்தான் வெட்டித் திறந்தேன். நூல் பிசிறு வெட்டுவதற்குக் தையல் கம்பெனியில் கொடுத்தார்களே, விரல் நீளத்தில், அதுதான். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதன் வளையத்தில் சிவப்புத் துணியைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தாய். அந்தச் சுற்று இன்னும் அவிழவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் மெஷின் எண்ணெய் வாடை அடிக்கிறது. உன் பையைக் காலி செய்த அன்று உன் மகள், "இது உங்களுக்கு வேணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா.

பார்சலுக்குள் என் நாவலின் அட்டை இருந்தது. பளபளவென்று நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முதுகு, ஒரு தையல் மெஷின், ஜன்னல் வழியாக விழும் வெளிச்சம். அதுவும் காலால் மிதிக்கிற மெஷின். எல்லாமே கரண்டில் ஓடுகிற அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அப்படி ஒரு மெஷினை யார் பார்த்தார்களோ தெரியவில்லை. அடியில் என் பெயர். மேலே தங்க எழுத்தில் ‘ஊசிமுனையில் ஓர் உதயம்’ என்று தலைப்பு. அது நான் வைத்தது இல்லை, பதிப்பாளர் வைத்தது. கூடவே ஒரு சீட்டு. இன்று மாலைக்குள் நான் சம்மதம் சொன்னால் அச்சுக்குப் போய்விடும், இல்லையென்றால் இந்தப் புத்தகத்தைப் போடுவது தம்மால் இயலாது என்று எழுதியிருக்கிறார். ‘தங்கள் நலன் கருதியே’ என்று ஒரு வரி வேறு.

உதயமாம். நாம் உட்கார்ந்திருந்த ஹாலில் மேலே தகரம், பக்கத்தில் சுவர். ஜன்னலே கிடையாது. உதயம் எந்தப் பக்கமாக வந்ததென்று நீ இருந்தால் அவரையே கூப்பிட்டுக் கேட்டிருப்பாய்.

நாவல் முடிந்ததே நீ போன பிறகுதான், அதனால் நடந்ததை எல்லாம் நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். தலைப்புச் சண்டை மட்டும் உனக்குத் தெரியும். அதை ஆரம்பித்து வைத்தவளே நீதான்.

கேன்டீனில் நமக்கு மூலை மேசை. நீ முதலில் என் டப்பாவைத் திறந்து என்ன குழம்பு என்று பார்ப்பாய். பிடித்திருந்தால் உன்னுடையதை மூடி வைத்துவிட்டு என்னுடையதைத் தின்ன ஆரம்பிப்பாய். தின்றுகொண்டே கதை கேட்பாய். நான் ஃபோனில் தட்டி வைத்திருந்ததைப் படிப்பேன். கதையை நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை. உன்னைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்வாய். ஆனால் தலைப்பு என்று நான் வாயைத் திறந்தால் போதும், உன் மூஞ்சி மாறிவிடும்.

"‘வெயில் தைத்த சட்டை’ன்னு வெக்கலாமா?" என்றேன் ஒருநாள். ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்த தலைப்பு அது.

"வெயிலு எப்டிமே சட்டை தைக்கும்? அதுக்கு இன்னா, கை கால் கீதா?"

"அது ஒரு அழகுக்காகடி."

"அயகா? வேர்த்து ஊத்திகினு குந்திகினு கீறோம். அயகாம்."

அடுத்து ‘நூலாம்படை’ என்றேன். பேய்க் கதையா என்று கேட்டாய். ‘காலர்’ என்று ஒற்றைச் சொல்லாக வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றேன். "நாய்க்குக் கட்டுவாங்களே, அத்தா?" என்றாய். ‘பொத்தான் இல்லாத துளைகள்’ என்று ஒன்று சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்ததில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எதற்குச் சிரித்தாய் என்பதை என்னால் இங்கே எழுத முடியாது.

"உனுக்குப் பேசறப்போ ஒண்ணும் இல்ல. தலைப்பு வெக்கணும்னா மட்டும் வேற எவளோ மேல ஏறிக்கிறா," என்றாய்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்படியானால் நீயே ஒன்று சொல்லு என்றேன். நீ யோசிக்கக்கூட இல்லை. "எஸ்டேட் ராணி," என்றாய். அட்டையில் உன் ஃபோட்டோ போட வேண்டும், மாங்காடு கோயிலில் பச்சைப் பட்டுப்புடவையோடு எடுத்தது, பக்கத்தில் உன் வீட்டுக்காரர் நிற்பதை வெட்டிவிடலாம் என்று அதற்கும் வழி வைத்திருந்தாய். முடியாது என்றேன். ரெண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. என் டப்பாவை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கள்ளிக்குப்பம். வாயைத் திறந்தால் உன் பேச்சுதான் என் பேச்சும். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. இதோ, இந்த மடலில்கூடப் பார். கதைக்குள் அது எனக்கு உதவியது. தலைப்பு வைக்கும் இடத்தில் மட்டும் விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி என் எழுத்து விறைத்துக்கொண்டு நின்றது.

அந்த அதிகாரி கதையை நான் நாவலில் எப்படி எழுதியிருக்கிறேன் என்று நீ படிக்காமலே போய்விட்டாய். புதிதாக வந்திருந்த இளைஞர், தெற்கே ஏதோ ஊர்க்காரர், எப்போதும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரிவார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள், எல்லோரும் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, காலையில் லைனுக்கு முன்னால் நின்று சூப்பர்வைசருக்குப் பதிலாகச் சில நாள் அவரே பேர் கூப்பிட்டார். பேர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் சார்’ சொல்ல வேண்டும். நாக்கில் வராதவர்கள் ‘உள்ளேன் ஐயா’ சொல்லலாம். நாங்கள் எல்லோரும் சொன்னோம். உன் பேர் வந்தது.

"கீறேன் சார்."

அவர் தலையை நிமிர்த்தினார். "என்னது?"

"கீறேன்."

"எதைக் கீறுறே? கத்திரிக்காயையா?" ஹால் முழுக்கச் சிரித்தது. "ஒழுங்கா சொல்லும்மா."

"ஒய்ங்காதான் சார் சொல்றேன். நீ கூப்ட்ட. நான் கீறேன்."

‘நீ’ என்றதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு மரியாதைக் குறைவென்று அர்த்தம் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும். தாளில் உன் பேருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

நீ சண்டை போடுவாய் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீ பேசாமல் போய் உன் மெஷினில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாய். தோள் இணைத்த சட்டைகள் உன்னிடம்தான் வரும். நீ காலர் வைத்துக் கொடுத்தால்தான் அடுத்தவள் கை வைக்க முடியும். கொஞ்ச நேரத்தில் உனக்குப் பின்னால் சட்டைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிட்டன. உனக்கு அடுத்து இருந்தவர்கள் வேலையில்லாமல் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் சரிபார்க்க உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சட்டையும் வரவில்லை. லைன் சூப்பர்வைசர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா, தைக்கலையா?"

"நான்தான் வர்லியே சார். வராதவ எப்டி தைக்கிறது?"

அவர் பாவம், நல்ல மனிதர். அதிகாரியிடம் ஓடினார், உன்னிடம் ஓடிவந்தார், மறுபடி அங்கே ஓடினார். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த அதிகாரியே வந்து, உன் மெஷின் மேல் தாளை வைத்து, போட்டதை அடித்துத் திருத்தினார். அப்போதாவது நீ விட்டாயா என்றால் இல்லை.

"கூப்டு சார்," என்றாய்.

அவர் கூப்பிட்டார். முழு ஹாலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கீறேன் சார்," என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினாய்.

அதற்கப்புறம் அந்தச் சொல் நம் இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. காலையில் கம்பெனி கேட்டுக்கு யார் முதலில் வந்தாலும் மற்றவளுக்கு ஃபோன் செய்து "கீறியா?" என்று கேட்க வேண்டும். "கீறேன்" என்றால் வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். வேறு பேச்சு கிடையாது, வைத்துவிடுவோம்.

உனக்கு வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நான் காலையில் கூப்பிட்டேன். "கீறேன், கீறேன். இங்க போட்ற சாம்பாருதான் கேவலமா கீது," என்றாய். அடுத்த நாள் குரல் கம்மியிருந்தது. "கீறேன்" மட்டும் சொன்னாய். அதற்கடுத்த நாள் உன் மகள் எடுத்தாள். எனக்கு இப்போது நினைத்தாலும் முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான். ஒரு ஹாலையே நிறுத்தி வைத்தவளை ஒரு கொசு முடித்துவிட்டதே.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன காலையில், சூப்பர்வைசர் பழக்கத்தில் உன் பேரைக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கீறா சார்," என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார். அன்று சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை எடுத்து, தலைப்புக்காகக் காலியாக விட்டிருந்த இடத்தில் ‘கீறேன்’ என்று தட்டினேன். அதன் பிறகு நான் வேறு தலைப்பு தேடவே இல்லை.

பதிப்பாளர் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. ஃபேன் காற்றில் தாள்கள் பறக்கிற சின்ன அறையில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து, கதையைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை என்று மனசாரச் சொன்னார். காலர் வைக்கிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற இடத்தை மூன்று தடவை படித்தாராம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தலைப்பு மட்டும் மாத்திடலாம் மேடம்," என்றார்.

"ஏன் சார்?"

"அது சினிமாவில காமெடிக்குன்னு வெச்சிருக்கிற பாஷை. அட்டையில பார்த்தா சிரிப்புக் கதைன்னு நினைச்சு எடுப்பாங்க, இல்லைன்னா எடுக்கவே மாட்டாங்க. உள்ளே உங்க பாத்திரங்கள் எப்படி வேணாலும் பேசட்டும், நான் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன். வெளியில மட்டும் வேண்டாம்."

உள்ளே இருக்கலாம், வெளியில் மட்டும் வேண்டாம். இதைக் கேட்டதும் எனக்கு நம் கம்பெனியின் முன்வாசல்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கண்ணாடிக் கதவு வழியாக நீயும் நானும் ஒருநாளாவது நுழைந்திருக்கிறோமா? நமக்கு லாரி போகிற பக்கத்துக் கேட்தான். ஆனால் நாம் தைத்த சட்டை முன்வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு நின்றது, நீ வைத்த காலரோடு.

அங்கே பிழை திருத்துகிற ஒரு ஐயா இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘கீறேன் என்றால் கீற மாட்டேன் என்று பொருள். எதிர்மறை. இருக்கிறேன் என்று திருத்துக.’ இலக்கணப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. செய்யேன் என்றால் செய்ய மாட்டேன், போகேன் என்றால் போக மாட்டேன். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இது எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து ‘இருக்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நல்ல சொல். ஆனால் எத்தனை தடவை சொன்னாலும் நீ வரவில்லை. அந்த அதிகாரிக்கு முன்னால் நீ ‘இருக்கிறேன் ஐயா’ என்று சொல்லியிருந்தால் இந்த நாவலே இல்லை. அப்புறம் ‘கீறேன்’ என்றேன். மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சிவப்பு மையில் எழுதிய பொருளையும் நான் விடுவதாக இல்லை. கீற மாட்டேன்தான். நீ தைத்துவிட்டுப் போனதில் ஒரு கீறல்கூட விழவிட மாட்டேன். இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. ஐயாவுக்கு என் வணக்கம்.

இத்தனை உறுதியாக இருந்தவள் இன்று மத்தியானம் ஆடிப்போய்விட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லீவு போட்டுவிட்டு அட்டையையும் உன் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு மாங்காட்டுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் மட்டும் இருந்தாள். படிப்பு முடிகிறது, ஐடி கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஆன்ட்டி," என்றாள். இது அவர் வைத்த தலைப்பு, நான் வைத்தது இதுதான் என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம் ஆன்ட்டி. அம்மாவ வெச்சு எல்லாரும் சிரிப்பாங்க."

"எதுக்குச் சிரிப்பாங்க?"

"உங்களுக்குத் தெரியாது. காலேஜ்ல நான் வாயத் திறந்தாலே எந்த ஏரியான்னு கேட்டாங்க. எவ்ளோ கஷ்டப்பட்டு மாத்திக்கிட்டேன் தெரியுமா?"

பதிப்பாளர் சொன்னால் பதில் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்னைவிட உரிமைக்காரி இவள். இவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தானே என்று தோன்றியது. ஊசிமுனையே இருந்துவிட்டுப் போகட்டும், எப்படியோ கதை வெளியே வந்தால் போதும் என்றுகூட நினைத்துவிட்டேன். அவள் கொடுத்த காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். யாரோ நெருங்கிய சிநேகிதி போலிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஊட்லதான் கீறேன். ஆன்ட்டி வந்துகீறாங்க. அப்பால கூப்டுறேன்."

வெளியே வந்தவள் என் மூஞ்சியைப் பார்த்தாள். நான் காபியைக் குடித்தேன். சுவரைத் திரும்பிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். உன் சிரிப்பு அப்படியே.

"அம்மாவ கேட்டிருந்தா எஸ்டேட் ராணின்னுதான் சொல்லியிருக்கும்," என்றாள். அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறாய் பார்.

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தாள். "போட்றதுன்னா பெருசா போடச் சொல்லுங்க ஆன்ட்டி. சின்னதா போட்டா பயந்துகினு போட்டாமாதிரி இருக்கும்." இதைச் சொல்லிவிட்டு, அவளே கவனித்தாளோ என்னவோ, உள்ளே போய்விட்டாள்.

பூந்தமல்லிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள், வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எங்கேயோ தூண் வேலை நடக்கிற இரைச்சல். பதிப்பாளர் அங்கேதான் என்னைக் கூப்பிட்டார். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

"சார், ‘கீறேன்’னுதான் போடணும். அதுவும் பெருசா போடணும். முடியாதுன்னா என் கதையத் திருப்பிக் குடுத்துடுங்க, வேற எடம் பாத்துக்கிறேன். எங்கயும் போடலைன்னா நானே ஜெராக்ஸ் எடுத்து எஸ்டேட் கேட்ல நின்னு குடுப்பேன்," என்றேன். எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஃபோனை வைத்தார். யோசிக்கட்டும். நான் யோசித்து முடித்துவிட்டேன். அவர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் புத்தகத்துக்குப் பேர் அதுதான்.

ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. நான் பேசி முடித்ததும் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் இரைச்சலோ இரைச்சல். நான் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவரோடு பேச ஆரம்பித்த நாளிலிருந்து நான் மிகவும் கவனமாகத்தான் பேசி வந்திருக்கிறேன். ‘இருக்கேன் சார்’, ‘சொல்லுங்க சார்’, ‘ஆமாங்க சார்’. இன்று பைக்குள் கை விட்டபோது உன் கத்தரியில் சுற்றிய அந்தச் சிவப்புத் துணி விரலில் பட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கீறேன் சார்."